டோக்கியோ ஜாக்கெட்டும் பனிச் சவளும்

முப்பத்தாறு வயதில், கறுத்த முகமும் தொந்தியுமாக, டோக்கியோ இளைஞனாக மாற முயன்றவன் நான். அதிகம் வாசிக்கிறவர்களுக்கு இப்படியான புத்திதான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் டொரொன்டோ நகர மையத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் இறால் உரித்த ஜப்பானியப் பெண்ணுக்குத் தங்கை டோக்கியோவிலிருந்து மாதாமாதம் சஞ்சிகை அனுப்புவாள். எல்லாம் தெருவில் போகிற வருகிறவர்களின் படங்கள். ஒரு மாதம் செங்கல் உயரச் சப்பாத்து. இன்னொரு மாதம் கணுக்காலில் சரிந்து கிடக்கும் வெள்ளைக் காலுறை. பிறகு பார்த்தால் இளைஞர்கள் எல்லோரும் பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டான ஆமி ஜாக்கெட்டில் நின்றார்கள். என் தொந்தியை மூடக்கூடியது அது ஒன்றுதான். பழைய ராணுவ உடுப்பு விற்கிற கடையில் ஒன்று வாங்கி, சனிக்கிழமை மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு, வோபர்னில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டுக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கார அண்ணை வாசலில் சவளால் பனி தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அடுத்த கணம் சவள் என் முகத்தில் இறங்கியது. மூக்கெலும்பு நெரிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். விலாவில் ஒன்று, முழங்காலில் ஒன்று.

"விடடா அவனை! விடடா!" என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினார். நான் ஒருவரையும் பிடித்திருக்கவில்லை.

"அண்ணை, நான்தான்! கீழை இருக்கிற..." மிச்சத்தைச் சொல்லுமுன் பல் ஒன்று பனியில் விழுந்தது.

சவளின் பிடி முறிந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். சிவந்துபோன பனியில் அப்படியே குந்திவிட்டார். அவருடைய தம்பியை அவர் கண் முன்னால், ஊரில், வீட்டு வாசலில் வைத்து ஆமி பிடித்துக்கொண்டுபோனது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் நான் அன்றைக்கு டோக்கியோவில் அல்லவா நடந்துகொண்டிருந்தேன்.

ஜாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அண்ணை சுவரைப் பார்த்தார். ஐந்து நாள் ஒரு சொல் இல்லை. இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, தையல் போட்ட மூக்கோடு வேலைக்குப் போனபோது ஜப்பானியப் பெண் புதுச் சஞ்சிகையை விரித்துக் காட்டினாள். ஆமி உடுப்பு மோஸ்தரெல்லாம் அங்கே முடிந்துவிட்டதாம். இப்போது பெட்டைகள் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு திரிகிறார்களாம்.

பின்னேரம், மௌனம் தாங்க முடியாமல், அண்ணையிடம் இதைச் சொன்னேன். சவளுக்குப் புதுப் பிடி பூட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்:

"அப்ப ஐசே, நீர் பிறந்த நாளிலையிருந்தே மோஸ்தர்தானே. பிறகென்னத்துக்கு உந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலை வந்தனீர்?"