வரிசையில் அடுத்த நாற்காலி

எண்பதுகளின் நடுவில், பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லாசப்பலில், ரூ பெர்தொனே தெருவில் இருந்த ஈழத்தமிழர் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. புறநகரான ஸ்தேனில் ஆறு பேர் இருந்த அறையில் படுக்கை. ஆளுக்கொரு வேலை நேரம் என்பதால் அங்கே யாரோடும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. கடையிலும் மதியக் கூட்டம் கலைந்தபின், மூன்று மணிக்கு, குசினியில் அடுப்போரம் நின்றபடியே சாப்பிடுவேன்.

மதியத்தில் ஒரு யூதக் கிழவர் வருவார். எத்தனை மேசை வெறுமையாகக் கிடந்தாலும், யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையில், அந்த ஆளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். ஒருநாள் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். முதலாளி குசினிக்குள் வந்தார்.

“உந்தக் கிழவனைத் தனி மேசையிலை இருக்கச் சொல்லு. இல்லாட்டி இனி வரவேண்டாம்.”

“எனக்கு வெக்கமாக் கிடக்கு அண்ணை. நீங்களே சொல்லுங்கோவன்.”

“நான் சொன்னாச் சண்டையாப் போகும். நீ மெல்லமாச் சொல்லுவாய், பக்கத்து மேசைக்கும் கேக்காது. போ!”

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். கிழவர் கோபிக்கவில்லை. எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லப் பிரெஞ்சில் சொன்னார். இளவயதில் ஜெர்மனியிலிருந்து தப்பியவர். அவரைப் போல உறவுகளை விட்டு ஓடிவந்தவர்கள் சேர்ந்து, இன்று இஸ்ரேலாக இருக்கும் நாட்டின் வடக்கே ஒரு ஊரை உண்டாக்கினார்களாம். கல் பொறுக்கி வயல் செய்தார்கள். நிலமும் மாடுகளும் பொது, சமையலும் ஒன்றாகவே. சாப்பாட்டு மண்டபத்தில் யாரும் இடம் தேடக்கூடாது. நேற்றுச் சண்டை பிடித்தவர் பக்கத்தில் என்றாலும், வரிசையில் அடுத்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

“எல்லோரும் தனியாக வந்தவர்கள். விட்டிருந்தால் தனியாகவே சாப்பிட்டிருப்போம்” என்றார்.

பாரிஸ் பெண்ணைக் கட்டி இங்கே வந்தாராம். அவளும் இப்போது இல்லை. “அந்த ஊரிலும் இப்போது சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களாம். மண்டபம் பாதி காலி என்று கடிதம் வந்தது.”

பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார். இனி வரமாட்டார் என்று தெரிந்தது. வாசல் வரை பின்னால் போனேன்.

“நான் மூன்று மணிக்குச் சாப்பிடுவேன்” என்றேன். அதற்கு மேல் என்னிடம் பிரெஞ்சு இல்லை.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். “மூண்டு மணிக்கு மேசையிலை இருந்து சாப்பிடட்டோ அண்ணை?”

“இருந்து சாப்பிடன். ஆர் வேண்டாமெண்டது?”

யாரும் வேண்டாமென்று சொன்னதில்லைதான். இரண்டு வருடமாக நானாகவே நின்றிருக்கிறேன்.

சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெறும் கடை. மூன்றேகால் ஆகியும் சோற்றில் கை வைக்கவில்லை. அப்போது கதவு திறந்தது. கிழவர் மேசைகளையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு நேராக வந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

சோறு ஆறியிருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.