வேனில் கட்டிய வாழை

ஆயுத பூசைக்காக ஒரகடத்தில் எங்கள் கம்பெனி பஸ்ஸின் முகப்பில் டிரைவர் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய தண்டின் ஈரவாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பாவின் வேன் நினைவுக்கு வந்தது.

என் எட்டு வயதில், மண்ணூரில் வேன் ஓட்டிய அப்பா, பூசை போட்ட மறுநாளே எங்களை முதுமலைக்கு அழைத்துப் போனார். பம்பரின் இரண்டு பக்கமும் வாழை அப்படியே நின்றது. கன்று காய்ந்த பிறகுதான் அவிழ்ப்பது அவர் வழக்கம். புல்வெளியில் மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து ஒற்றை யானை நேராக வேனை நோக்கி வந்தது.

"யாரும் பேசாதீங்க. அது வாழைக்குத்தான் வருது," என்றார் அப்பா. அம்மா தம்பியின் வாயைப் பொத்தினாள்.

முதல் கன்று சுலபமாகப் போனது. இரண்டாவது வரவில்லை. அப்பா போட்டிருந்தது லோடு கட்டுகிற முடிச்சு. அது அவிழ்ந்ததே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. யானை இழுக்க இழுக்க வேனின் முன்பக்கம் ஆடியது. கண்ணாடி முழுக்க அதன் நெற்றி.

"இன்னாத்துக்குய்யா இப்டி கட்டின?" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா பிரேக்கை அழுத்தியபடியே இருந்தார். கடைசியில் தண்டுதான் பிய்ந்தது. யானை அதைத் தூக்கிக்கொண்டு விலகிய பிறகும் முடிச்சு பம்பரிலேயே இருந்தது.

"டைட்டா கட்டிக்கீறேங்கா, எங்கியும் போவாது," என்றார் கம்பெனி பஸ் டிரைவர், முடிச்சைத் தட்டிக் காட்டி.

"அவுத்து லூசா கட்டுங்கண்ணா."

"நம்ம ரோட்ல யாருக்கா இழுக்கப் போறாங்க?"

ஆனாலும் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினார். ஒற்றைக் கையால் இழுத்து, கன்று வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பஸ்ஸில் ஏறினேன்.