துடைக்கத் துடைக்க அழுக்காகும் யானை

"பிசிக்ஸா? அதப் படிச்சிட்டு என்னா பண்ணப்போற பாப்பா... எங்க கம்பெனிக்கு வந்து பொம்ம தொடைக்கப்போறியா?"

நான் காலேஜில் சேர்ந்த வருடம், அம்மா வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியின் முதலாளி கேட்டது இது. ஸ்வீட் கொடுக்கப் போயிருந்தேன். அதை வாயில் போட்டுக்கொண்டேதான் கேட்டார்! எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எப்படி இருந்திருக்கும் எனக்கு?

இன்று இதே விருத்தாசலத்தில் நான் சயின்ஸ் டீச்சர். போன சனிக்கிழமை காலை எங்கே இருந்தேன் தெரியுமா? அதே கம்பெனியில்... பொம்மை துடைத்துக்கொண்டிருந்தேன்!

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

அம்மாவுக்குப் பேக்கிங் வேலை. பொம்மைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். இப்போது வந்திருப்பது கருநீல யானைகள் - உள்ளங்கை அளவு, அப்படி ஒரு பளபளப்பு. புதுச்சேரிக் கடை ஒன்றுக்கு அனுப்பிய பெட்டி இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. "ஒரே தூசி" என்று புகார்.

முதலாளி அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ திரும்பி வந்துச்சின்னா நீ மண்ணு பக்கம் போயிடும்மா. தொடைக்க வேற ஆளப் பாத்துக்கறேன்."

மண் பக்கம் என்றால் களிமண் மூட்டை தூக்குவது. அம்மாவின் முட்டி தாங்காது. ஆனால் அவள் அழுதது முட்டிக்காக இல்லை. "எனக்குத் தொடைக்கத் தெரியலன்னு சொல்லிட்டாருடி..." எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அந்தக் கைக்கு இப்படி ஒரு பேரா?

கிளம்பிவிட்டேன்.

பேக்கிங் அறை சூளைக்கு அடுத்தது. காற்றில் ஈரமே இல்லை. எங்கும் வெள்ளை மண் தூள் பறக்கிறது. அம்மா ஒரு யானையை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். பளிச்! மேஜையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் வெள்ளை. மறுபடி தேய்த்தாள், இன்னும் வேகமாக. இன்னும் வெள்ளை!

"பாத்தியா? தொடைக்கத் தொடைக்க அழுக்காகுது. நான் என்னா பண்ணுவேன்?"

"யம்மா, அது என்னா துணி?"

"என் சிந்தடிக் பொடவ. காட்டன் துணி சொரசொரன்னு இருக்குது, யானையில கீறல் வுழுமேன்னு கிழிச்சிக்கிட்டு வந்தேன். மெத்துன்னு இல்ல?"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தும் விட்டேன்!

புடவைத் துண்டை வாங்கி யானையைப் பரபரவென்று தேய்த்தேன். பெட்டிக்குள் கொட்டும் தெர்மாகோல் மணிகள் மேல் காட்டினேன். மணிகள் எகிறி வந்து தும்பிக்கையில் ஒட்டிக்கொண்டன.

"ஐயய்யோ! யானைக்குப் பேய் புடிச்சிருக்குதுடி!" - இது அம்மாவின் பக்கத்து சீட் செல்வி அக்கா.

"பேய் இல்லக்கா, கரண்ட்டு."

"கரண்ட்டா?" தன் கையிலிருந்த யானையைக் கீழே போட்டுவிடப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவுகிறது. கொடுத்தது பிளஸ், வாங்கியது மைனஸ். பீங்கான் வழியாக மின்சாரம் ஓடாது. வந்த மின்சாரம் போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து, பக்கத்தில் பறக்கும் தூசியை எல்லாம் வா வா என்று இழுக்கிறது. நிலை மின்சாரம்! ஈரம் பட்டால் வழி கிடைத்துவிடும், ஓடிப்போகும்.

"அப்ப ஷாக் அடிச்சி செத்துற மாட்டமா?" என்றார் செல்வி அக்கா.

"இத்தினூண்டு கரண்ட்டுக்கா. மிஞ்சிப்போனா சுள்ளுங்கும்."

பழைய காட்டன் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, இன்னொரு யானையைத் துடைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால்... ஒன்று பவுடர் பூசிய கல்யாணப் பெண். இன்னொன்று அப்படியே கருநீலம்!

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா ஒழுங்காத் தொடைக்கலன்னுதான அர்த்தம்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். விடுவேனா?

"இல்லீங்க. மேலோட்டமாத் தொடச்சிருந்தா இவ்ளோ ஒட்டியிருக்காது. அம்மா அழுத்தித் தேச்சதாலதான் இவ்ளோ தூசி. துணிதான் தப்பு, கை இல்ல."

அம்மாவைப் பார்த்தார். "துணிய மாத்திக்கம்மா. இந்த வேலைய நீயே பாரு" என்று போய்விட்டார். மன்னிப்பா? அதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. வியாழக்கிழமை புதுச்சேரியிலிருந்து போன் வந்தது - யானை சுத்தம், இன்னும் இரண்டு பெட்டி வேண்டும்!

யோசித்துப் பாருங்கள். ஒரு வேலை கெட்டுப்போனால் உடனே என்ன சொல்கிறோம்? "இன்னும் கொஞ்சம் கஷ்டப்படு." சில சமயம் அந்தக் கஷ்டமேதான் காரியத்தைக் கெடுக்கிறது.

செல்வி அக்கா அதோடு விட்டாரா? பீங்கான் ஃப்யூஸ் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அதுவும் அங்கேதான் செய்கிறார்கள்.

"டீச்சரு, வருஷக்கணக்கா இத செய்யிறோம். ரெண்டு பக்கமும் எதுக்கு வயரு? ஒரு பக்கம் கரண்ட்டு வந்தா போதாதா?"

போதாதே! ஓடுகிற மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். சுற்று முழுசாக இருந்தால்தான் பல்பு எரியும். ஃப்யூஸ் கம்பி அந்த வழியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது; ஒரு பக்கம் நுழைந்த கரண்ட் மறுபக்கம் வெளியே போக வேண்டும். கரண்ட் அளவு மீறினால் உருகி வழியை அறுத்துவிடும். அது ஏன் பீங்கானில்? மின்சாரத்தைத் தன் வழியே விடாத அதே குணம். யானையில் தொல்லை, ஃப்யூஸில் காவல்!

"சொன்னா புரியல. செஞ்சி காட்டு" என்றார்கள் எல்லோரும்.

வாங்கியாயிற்று. ஆளுக்கு ஒரு டார்ச் பல்பு, இரண்டு செல், ஒரு முழம் வயர். நாளை ஞாயிறு காலை பத்து மணிக்கு, பேக்கிங் மேஜையிலேயே வகுப்பு.

முதலாளியிடம் பர்மிஷன் கேட்டது நானில்லை - அம்மா!