ஒரு பக்க அடைப்பு

இசக்கிசெல்வி பி.இ. மெக்கானிக்கல் முடித்தபோது, இலத்தூரில் அவள் தெருவில் அவளோடு சேர்த்துப் பதினொரு இன்ஜினியர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கு வேலை இருந்தது. அவள் எம்.இ. படித்துவிட்டு, திருநெல்வேலியில் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். தலைப்பு, சுருங்கிய ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் விதம்.

அப்பா முத்துராஜ் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தார். யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், "குழாய்ல ஓடுததப் பத்திப் படிக்கா" என்பார். அதனால் பக்கத்துக் கடை பாண்டியராஜ், தன் வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றாதபோதெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டார். இரண்டு தடவை போய், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வை மாற்றிக் கொடுத்தாள். ஆராய்ச்சியால் ஊருக்குப் பயன் உண்டு என்று அவர் எல்லோரிடமும் சொன்னார்.

ஐந்து வருடமாக அவள் கம்ப்யூட்டரில் ஒரே குழாயை வைத்துக்கொண்டிருந்தாள். நேரான குழாய், நடுவில், சுற்றிலும் ஒரே அளவாக ஒரு சுருக்கம். அப்படி வைத்தால்தான் சமன்பாடுகள் சொன்னபடி கேட்கும். அவளுக்கு முன்னால் எழுதிய பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

ஆறாவது வருடம் ஆனி மாதம், நல்ல சாரல், கடையில் கூட்டம். எண்ணெய் டின்னோடு படியேறிய முத்துராஜ் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டியராஜ்தான் தன் காரில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். செல்வி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

டாக்டர் ஆஞ்சியோகிராமைத் திரையில் காட்டினார். "எண்பது பெர்சன்ட் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கணும்."

செல்வி திரைக்கு மிக அருகில் போய் நின்றாள். அடைப்பு ஒரு பக்கமாக இருந்தது. குழாயும் வளைந்திருந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஒரு பக்கமாத்தான் இருக்குமா, சார்?"

"பெரும்பாலும். ஏன்?"

"ஒண்ணுமில்ல சார்" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கண் திரையிலேயே இருந்ததில் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே விழுந்தது. இன்னொரு படிவம் கொடுத்தார்கள்.

மறுநாள் வார்டில் முத்துராஜ் கேட்டார்: "ஏட்டி, இத்தன வருஷமா நீ படிச்சது இதத்தானா?"

"ஆமாப்பா."

"அப்போ ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே."

அம்மா முப்பிடாதியம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "அந்தப் புள்ளய ஏன் பிடுங்குதிய? சட்டி முன்னால நின்னு அள்ளி அள்ளித் தின்னது நீங்க" என்றாள். செல்வி வராந்தாவில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் நெறியாளர் எபனேசர் சாரிடம் போய், குழாயை மாற்ற வேண்டும் என்றாள்.

"இருக்கதே போதும்மா. மாத்தினா இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்."

"இழுக்கட்டும் சார்."

இரண்டு வருடம் இழுத்தது.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். முத்துராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். முடிவில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. முத்துராஜ் எழுந்தார்.

"ஐயா, சும்மா இருக்கையில எனக்கு வலி இல்ல. படியேறினாத்தான் வந்துது. அடைப்பு ரெண்டு நேரமும் அதேதான? அது ஏன்னு இதுல இருக்கா?"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்வி. சொல்லுங்கம்மா."

செல்வி ஒரு படத்துக்குத் திரும்பிப் போனாள். உட்கார்ந்திருக்கும்போது இதயத் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும், இடுக்கு வழியாகப் போய்விடும். ஏறும்போது அதிகம் தேவைப்படும். ஆனால் ஓட்டம் இரண்டு மடங்கானால், அடைப்பைத் தாண்டுவதில் இழக்கும் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, கிட்டத்தட்ட நான்கு மடங்குவரை போகும். அதனால் அந்தப் பக்கம் போதாமல் போகிறது. தமிழிலேயே சொன்னாள்.

"புரிஞ்சுதா, சார்?"

"புரிஞ்சுது" என்று முத்துராஜ் உட்கார்ந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "என்னயவா சார்னு கூப்பிட்ட?" என்றார்.

"அங்க அப்படித்தான் கூப்பிடணும்ப்பா."

ஆலங்குளம் தாண்டியதும், "நல்லாத்தான் சொன்ன" என்றார்.

இப்போது டாக்டர் இசக்கிசெல்வி தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் நடத்துகிறாள். கடையில் முப்பிடாதியம்மாள் பொரிக்கிறாள். முத்துராஜ் காய் சீவுவதோடு சரி.