அண்ணனின் பெயரில் ஓடிய ரோபோ

அண்ணன் இறந்து ஆறு வாரமாகியும் ஆபீசில் அவன் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஹோட்டலுக்குப் புக்கிங் பதிந்து கொடுப்பதுதான் எங்கள் ஆபீசின் வேலை. வெளிநாட்டிலிருந்து அந்த ஹோட்டலுக்கு வரும் புக்கிங் மெயில்களைத் திறந்து, ஆளின் பெயர், திகதி, அறை எல்லாவற்றையும் ஹோட்டல் சிஸ்டத்தில் பதிய அவன் ஒரு ரோபோ செய்து வைத்திருந்தான். கை கால் உள்ள ரோபோ இல்லை. மனுசன் செய்வதைப் போலத் தானே கிளிக் பண்ணி டைப் பண்ணும் புரோகிராம். அது ஓடுவது எங்கள் ஆபீஸ் இருக்கும் கண்டியில்கூட இல்லை, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டரில். அதன் திரையை இன்டர்நெட் வழியாக எங்கள் திரையில் திறந்து பார்க்கலாம்.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஹோட்டல் சிஸ்டத்துக்கும் சேர்த்து அண்ணனுக்கு இருந்த அக்கவுண்டில் ஓடியதால் ஒவ்வொரு புக்கிங்கின் கீழும் 'பதிந்தவர்' என்று அவன் பெயர்தான் விழும். ரோபோவுக்கு விளங்காத மெயில்களைக் கையால் பதிவது என் வேலை. தினமும் அந்தப் பெயரைப் பார்ப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் சேர் கூப்பிட்டார்.

"ஹோட்டல்காரங்க கேக்குறாங்கம்மா. இல்லாத ஆளோட அக்கவுண்ட வெள்ளிக்கிழமைக்குள்ள அழிக்கணுமாம். ரோபோவும் அதோட நின்னுரும். கொழும்புல ஒரு கம்பனி புதுசா செஞ்சு தர்றேங்குது."

"அப்ப அண்ணன் செஞ்சது?"

"அத வச்சு என்னம்மா செய்ய? தூக்கிற வேண்டியதுதான்."

"வேணாம் சேர். நான் வேற அக்கவுண்டுக்கு மாத்துறேன்."

சேர் என்னைப் பார்த்தார். நான் ஓ.எல். பரீட்சையில் பெயில் என்பது அவருக்குத் தெரியும். "வெள்ளிக்கிழம வரைக்குந்தான்," என்றார்.

புதிய அக்கவுண்ட் திறந்தேன். செய்முறை சொல்லித்தரும் சிங்கள வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ரோபோவை அதற்குள் கொண்டுவந்தேன். புதன்கிழமை ஓடவிட்டேன். பத்து புக்கிங், ஒரு பிழை இல்லை. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தித் திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பதினோராவதில் நின்றிருந்தது. திரும்ப ஓடவிட்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடியது. மூடிவிட்டு டீ எடுக்கப் போனேன். நின்றது.

பக்கத்து மேசையில் இருப்பவர் முஸ்லிம்; அண்ணன் என்ற அர்த்தத்தில் ஆபீசில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரித்தார்.

"ஒங்கட ரோபோ நேர்சரிக்கு வந்த புள்ள மாதிரி ஈக்கி தங்கச்சி. உம்மா பக்கத்துல நிண்டா நல்ல புள்ள. உம்மா போனா ஒப்பாரி."

"சிரிக்காதீங்க நானா. அண்ணன் செஞ்சதத் தூக்கிப் போடப் போறாங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அண்ணன் என்றால் ஐந்து நிமிடத்தில் சரி செய்திருப்பான். முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ரோபோ நிற்கும்போது தான் கடைசியாகப் பார்த்த திரையைப் படமெடுத்து வைக்கும். அதைத் திறந்தேன். வெறும் கறுப்பு. அப்போதுதான் விளங்கியது. நான் மூடியதும் அங்கே திரை பூட்டிக்கொள்கிறது. கிளிக் பண்ண அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. அப்படியென்றால் அண்ணனுடையது மட்டும் எப்படி ஓடுகிறது?

சேரிடம் பாஸ்வேர்ட் கேட்டு அண்ணனின் அக்கவுண்டைத் திறந்தேன். கடைசி நாள் அவன் எப்படி விட்டுப் போனானோ அப்படியே இருந்தது. ஒரு மூலையில் சின்னதாக ஒரு பைல். உள்ளே ஒரே ஒரு வரி. அதை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். திரையைப் பூட்டாமல் அந்தக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைத்துவிட்டு வெளியேறும் கட்டளை அது. ரோபோவை விட்டுப் போகும்போது பெருக்கல் குறியைத் தொடக்கூடாது, இந்தப் பைலைத்தான் அழுத்த வேண்டும். அந்த வரியைப் புதிய அக்கவுண்டில் போட்டேன்.

அன்று மஹய்யாவவிலிருக்கும் வீடு வரை நடந்தே போனேன். "அவன் செஞ்சது நின்னுருச்சாமே?" என்று அம்மா கேட்டார்.

"நிக்காதும்மா."

வியாழன் முழுக்க, நான் பார்க்காத நேரத்திலும் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை சேர் வந்து நின்றார்.

"அக்கவுண்ட நான் அழிச்சிரவாம்மா?"

"நானே அழிக்கிறேன் சேர்."

நிச்சயமா என்று திரை கேட்டது. அழுத்தினேன். பெயர் பட்டியலிலிருந்து போனது. கொஞ்ச நேரத்தில் அடுத்த புக்கிங் விழுந்தது. பதிந்தவர்: ரோபோ 1. நானா தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, அடுத்ததையும் என்னோடு சேர்ந்து பார்த்தார்.