தங்கபுஷ்பம் சொல்லாத ஆமென்

1. விசில்

முதல் கூட்டத்துக்கு நான் விசிலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சிரிக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. டீச்சராக நின்றவள். விசில் இல்லாமல் நாலு பேரை ஒழுங்காக உட்காரவைக்க எனக்குத் தெரியாது. நான் ரிட்டயர் ஆன மறுமாசமே எங்கள் பாஸ்டர் கூப்பிட்டு, "டீச்சர், தென்காசியில உங்க தெருவச் சுத்தி நம்ம சபைக் குடும்பம் பதினொண்ணு இருக்கு. வாரம் ஒரு வீட்டுல கூட்டம் நடத்துங்க. உங்க தொண்டைக்கு மைக்கும் வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு யாராவது ஒரு வீட்டு ஹாலில் பாய் விரிப்போம். இரண்டு பாட்டு, ஒரு வேதப்பகுதி, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, ஜெபம், டீ. வீட்டுக்கூட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்த முதல் வியாழக்கிழமை ஆறரைக்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஏழு மணிக்கு ஆடி அசைந்து வந்து, வந்ததும் வராததுமாக ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். கூட்டம் கப்சிப். அந்த வீட்டு நாய் ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போனது, கடைசி ஆமென் வரைக்கும் வெளியே வரவில்லை.

விசிலை அன்றைக்கே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பெரிய தப்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

2. நோட்டு

புதிதாகப் பொறுப்பு எடுத்திருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் உயிர் பாட்டிலும் இல்லை, நீங்கள் செய்கிற பிரசங்கத்திலும் இல்லை. ஜெபக் குறிப்பில்தான், அதாவது இதற்காக ஜெபியுங்கள் என்று அவரவர் கேட்பதில்தான் இருக்கிறது. "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்டதும் ஒவ்வொருவராக மனசைத் திறப்பார்கள். நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் நம்பர் போட்டு எழுதுவேன்.

பிறகு சங்கிலி ஜெபம். வட்டமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகச் சின்னதாக ஜெபிக்க வேண்டும். வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்கள் அடுத்த ஆளின் கையை அமுக்கினால் போதும், முறை தாண்டிப் போய்விடும். கடைசியில் நான் நோட்டில் உள்ளதை ஒன்று விடாமல் சொல்லி முடித்துவைப்பேன். அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழகிய வாய்! ஒரு பேரும் விட்டுப்போகாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் கூட்டத்தில் கை அமுக்குவதில் முதல் ஆள் தங்கபுஷ்பம் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். குற்றால சீசன் நேரத்தில் ஐந்தருவியில் பழக்கடை போடுவாள். ரம்புட்டான் விற்கும்போது நாலு ஊருக்குக் கேட்கிற குரல், ஜெபம் என்றதும் எங்கேயோ ஒளிந்துகொள்ளும். அவள் ஜெபித்து ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அவளுடைய மருமகள் ஷீபா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; சின்னதாக ஒரு பெண் குழந்தை உண்டு. ஒருநாள் கூட்டம் முடிந்ததும் என்னை கேட் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"டீச்சர், நான் ஜெர்மன் பாஷை படிக்கேன். அடுத்த மாசம் சென்னையில பரீட்சை. பாஸானா அந்த நாட்டுலயே வேலை கிடைக்கும். எங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். அத்தைகிட்டதான் இன்னும் சொல்லல, பாஸானதும் சொல்லிக்கிடலாம்னு இருக்கேன். நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க."

"சரிட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே நோட்டில் எழுதினேன். நம்பர் ஏழு.

3. நம்பர் ஏழு

அடுத்த வியாழக்கிழமை. சங்கிலி சுற்றி என்னிடம் வந்தது. கண்ணை மூடினேன். நம்பர் ஒன்று, செல்வராஜ் அண்ணாச்சியின் முட்டுவலி. இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்து ஏழில் நின்றேன்.

"ஆண்டவரே, எங்க ஷீபா ஜெர்மன் பரீட்சையில பாஸாகணும்!"

என் வலது பக்கத்தில்தான் ஷீபா உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து ஒரு நசுக்கு நசுக்கினாள். ஐயோ பாவம், மனசு உருகிவிட்டாள் என்று நினைத்து நான் இன்னும் உற்சாகமாகிவிட்டேன். "அவளுக்கு விசா தடையில்லாம வரணும்! அந்தக் குளிர் ஒத்துக்கிடணும்! அவ போன பெறகு பிள்ளை ஏங்கக் கூடாது!" ஷீபா நகத்தை வைத்துக் கிள்ளவே ஆரம்பித்துவிட்டாள். நான் விடவில்லை. பிளேன் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்தேன். எதிரே தங்கபுஷ்பம் அக்கா கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஆமென் சொல்லல, டீச்சர்" என்றாள். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

ஷீபா அழுதாள். "ஏன் டீச்சர் இப்படிச் செஞ்சீங்க? பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரங்களுக்கு லீவு கிடையாது. அத்தை பிள்ளையப் பாத்துக்கிட மாட்டேன்னு சொன்னா நான் சென்னைக்கே போக முடியாது."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பெண் டியூட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவில் படித்த படிப்பை நான் ஒரே ஜெபத்தில் கவிழ்த்துவிட்டேன்.

4. முட்டுவலி வாரம்

அடுத்த கூட்டத்துக்கு மாமியாரும் வரவில்லை, மருமகளும் வரவில்லை. ஜெபக் குறிப்பு கேட்டேன். என் நோட்டில் விழுந்தவை: முட்டுவலி இரண்டு, முதுகுவலி ஒன்று, "பொதுவா எல்லாருக்காகவும்" மூன்று. வேறு ஒன்றும் கிடையாது. ஒருவர்கூட மனசைத் திறக்கவில்லை.

செல்வராஜ் அண்ணாச்சி போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். முகத்துக்கு நேரே பேசிவிடுவார். "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். உங்ககிட்ட சொல்லுததும் பஸ் ஸ்டாண்டு மைக்குல சொல்லுததும் ஒண்ணுதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

5. ஐந்தருவி

சனிக்கிழமை காலையில் குற்றாலம் பஸ் ஏறினேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். தங்கபுஷ்பம் அக்கா கடையில் மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன வேணும்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா."

"அது இங்கன விக்கல."

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆட்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து கடையை மொய்த்துவிட்டார்கள். அவள் ஒருத்தி எத்தனை பேருக்கு எடை போடுவாள்? நான் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே புகுந்தேன். "வரிசையில வாங்க! யாரும் தள்ளக் கூடாது!" என்று மைதானக் குரலில் ஒரு சத்தம் போட்டேன். வேன் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவளே ஆரம்பித்தாள். "அவ அடுப்படியில நின்னு என்னமோ பாஷையில மொணமொணன்னு பேசுவா. அவளுக்குப் பேய் புடிச்சிட்டோன்னு நான் பயந்து கிடந்தேன். கடைசியில பாத்தா ஜெர்மன்!" ஒரு பழத்தை உடைத்து என் கையில் வைத்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "ஆண்டவருக்கு முன்னாலயே தெரியும். என் மகனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஆனா பிள்ளைய வளக்கப் போறது யாரு டீச்சர்?"

"நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்திருப்பா."

"கேட்டாத்தானே தெரியும்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வியாழக்கிழமை எங்க வீட்டுல கூட்டம் வைங்க. ஆனா ஒண்ணு. நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

6. வாய் திறக்காத கூட்டம்

நான் பட்ட அவஸ்தை சொல்லி முடியாது. பாட்டை ஒருவர் எடுத்துக் கொடுத்தார், வசனத்தை ஒருவர் வாசித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். மாமியாரும் மருமகளும் இரண்டு வாரமாக உப்புக்கும் புளிக்கும்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஷீபா வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று, பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

சங்கிலி தங்கபுஷ்பம் அக்காவிடம் வந்தது. அவளுக்கு அடுத்து நான். கையை அமுக்குவாள் என்று காத்திருந்தேன். அமுக்கவில்லை. அந்தப் பழக்கடைக் குரல் மெதுவாக வெளியே வந்தது.

"ஆண்டவரே, எனக்கு டீச்சர் மாதிரி பேசத் தெரியாது. ஷீபாவப் பாஸாக்கும். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், சீசன்ல கடைக்கும் கூட்டிட்டுப் போயிக்கிடுதேன். ஆனா இனிமே எதுன்னாலும் அவள எங்கிட்ட மொதல்ல சொல்லச் சொல்லும். உம்மகிட்டப் பெறகு சொல்லட்டும். நீரு கோவிச்சுக்கிட மாட்டீரு."

ஷீபா குலுங்கிக் குலுங்கி அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். நான் அக்காவைப் பார்த்து, ஆமென் சொல்லலாமா என்று கையால் ஜாடை கேட்டேன்.

"அது மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்ன ஆமெனுக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

7. பிள்ளைகளுக்கு

ஷீபா அந்த முறை பேச்சுத் தேர்வில் மட்டும் தவறிவிட்டாள். ஜெபித்ததும் எல்லாம் நடந்துவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். இரண்டாம் முறை மாமியாரே பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமலேயே "இன்னொரு மட்டம் சொல்லு" என்று சொல்லிச் சொல்லிப் படிக்கவைத்தாள். ஷீபா பாஸானாள். இப்போது ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

நான் இப்போதும் கூட்டம் நடத்துகிறேன், நோட்டும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு குறிப்பை எழுதுமுன் இரண்டு கேள்வி கேட்பேன். இதைச் சத்தமாகச் சொல்லலாமா? இதை நீ யாரிடம் சொல்லப் பயந்துகொண்டு என்னிடம் சொல்கிறாய்? வீட்டில் சொல்ல முடியாததைத்தான் மனுஷர்கள் ஜெபக் கூட்டத்தில் சொல்கிறார்கள். அது உங்களை நம்பிக் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பேசினாலும் சுற்றி இருக்கிறவர்களுக்குக் காது திறந்துதான் இருக்கும்.

போன வியாழக்கிழமை, கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஷீபாவிடமிருந்து என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டீச்சர், ஒரு ஜெபக் குறிப்பு. பிள்ளையையும் எங்க வீட்டுக்காரங்களையும் இங்க கூப்பிட்டுக்கிட விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். சத்தமாவே ஜெபம் பண்ணலாம். அத்தைகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். தங்கபுஷ்பம் அக்காவின் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த விசா வந்தால் அந்த மடி காலியாகிவிடும்.

"எனக்குத் தெரியும் டீச்சர், ஆரம்பிங்க" என்றாள்.

நான் சத்தமாகத்தான் ஜெபித்தேன். முடித்ததும் எல்லோருக்கும் முந்திக் கேட்டது அவளுடைய ஆமென்.