லீவர் பார்க்கிங்கில், வண்டி பள்ளத்தில்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம்.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது? அந்த நொடியில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கிளம்ப நேரமாகிவிட்டதே என்று கவலை. கவலைப்பட அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பத்தடி தூரத்தில் நான்கு சக்கரங்களோடு காத்திருந்தது எனக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் வீடு. தெரு கரையை நோக்கி மெல்ல ஏறும். நடந்தால் தெரியாத ஏற்றம். சைக்கிள் மிதித்தால் தெரியும்.

மகள் வைதேகி வண்டியை கேட்டுக்கு வெளியே எடுத்து அந்த ஏற்றத்தில் நிறுத்தினாள். பழைய பிக்கப் டிரக். பின்னால், தலைப்பக்கம் உயர்த்தித் தாழ்த்துகிற ஹாஸ்பிடல் கட்டில் ஒன்று. அதை வாடகைக்குக் கொடுப்பதுதான் அவள் தொழில். கட்டில், வீல்சேர், வாக்கர் எல்லாம் உண்டு. அன்று எடமலைப்பட்டி புதூரில் ஓர் அம்மாள், இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து பிற்பகல் வீடு திரும்புகிறார். அவருக்கு முன்னால் கட்டில் போய்ச் சேர வேண்டும்.

கியர் லீவரை ‘பி’க்குத் தள்ளிவிட்டு வைதேகி இறங்கினாள். ‘பி’ என்றால் பார்க்கிங். ஆட்டோமேட்டிக் வண்டியில் அதைப் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் போய்க் கட்டிலைக் கட்டியிருந்த கயிற்றை ஒரு இழு இழுத்தாள், இறுக்கிக் கட்டுவதற்காக.

வண்டி நகர்ந்தது.

வேகமாக இல்லை. கோயில் யானை பின்வாங்குவதுபோல அவ்வளவு நிதானமாக... அவளை நோக்கி.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. “வைதேகி”யாக இருக்கலாம், “ரங்கா”வாக இருக்கலாம். கையிலிருந்த அவளுடைய டிபன் பாக்ஸ் விழுந்து, தயிர்சாதம் தெருவெல்லாம்.

வேறு யாராக இருந்தாலும் துள்ளி விலகியிருப்பார்கள். என் மகளால் துள்ள முடியாது. சில வருஷங்களுக்கு முன், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. அவள் செய்யக்கூடியதைச் செய்தாள். பக்கவாட்டில் அப்படியே விழுந்தாள், எதிர்வீட்டு ஜெயா மாமியின் கோலத்தின்மேல்.

வண்டி அவளுடைய செருப்பை உரசிக்கொண்டு போய், கீழே யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் முட்டி நின்றது.

தெருவே கூடிவிட்டது.

“கோலம் போனாப் போறது, நீ எழுந்திருக்காதேடி கொழந்தே, அப்படியே உட்காரு!” என்றார் மாமி.

“கியர்ல போட்டு நிறுத்தலையாம்மா?” என்றார் ஒருவர்.

“ஆட்டோமேட்டிக் வண்டிங்க அது,” என்றார் இன்னொருவர்.

“அப்ப அதுவாத்தானே போகும்!” என்றார் பால்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

நான் வீட்டுக்குள் ஓடி, கையில் அகப்பட்டதைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். அம்மிக்குழவி! மிக்ஸி வந்ததற்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் வேலை.

வைதேகிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மாமி மஞ்சளைக் குழைத்து அப்பினார். நான் சொன்னேன்: “போதும்மா. இந்த வண்டியை வித்துடலாம்.”

“வித்துட்டு?”

“கட்டிலை ஒரு லோடு ஆட்டோவுல அனுப்பலாம்.”

“கட்டில் போயிடும்ப்பா. அதை அங்க யார் மாட்டுவாங்க? நான் எதுல போறது?”

அவள் கேட்டது நியாயம். கிளட்ச் மிதிக்க அவளுக்கு இடது கால் ஒத்துழைக்காது. இருசக்கர வண்டி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு நல்ல கட்டிலுக்காக நான் திருச்சி முழுக்க அலைந்தேன். அந்த அலைச்சலைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். அதற்கு டிரக் வேண்டும். கிளட்ச் இல்லாத டிரக் வேண்டும். பாலக்கரை காதர் பாயிடம் இருந்தது. துபாயில் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகிய மனிதர். ஊர் திரும்பியும் கியர் மாற்ற மனசில்லாமல் தேடிப் பிடித்து வாங்கிய வண்டி. வயதாகிறது என்று எங்களிடம் விற்றார்.

வைதேகி எழுந்து நொண்டி நொண்டி வண்டியிடம் போனாள். முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இங்க வாங்க. லீவர் பி-லதான் இருக்கு. மீட்டரைப் பாருங்க.”

மீட்டரில் ‘என்’ எரிந்துகொண்டிருந்தது. நியூட்ரல்.

கை ஒன்று சொல்கிறது, வண்டி ஒன்று சொல்கிறது! லீவரை முன்னும் பின்னும் ஆட்டினாள். தயிர் மத்துபோல லேசாகச் சுற்றிச் சுழன்றது. எதிலும் பிடிப்பில்லை. மீட்டரில் எழுத்து மாறவே இல்லை.

காதர் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் பெருமூச்சு. “யா அல்லா... பாப்பா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல பாய். லீவர் லூசா ஆடுது.”

“இழுத்தா கெட்டியா இருக்கா, சும்மா வருதா?”

“சும்மா வருது.”

“அப்ப கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும். பயப்படாதே. லீவர்லேருந்து கீழ ஒரு கேபிள் போகும். அதோட நுனியில சின்னதா ஒரு புஷ், கேபிளைக் கியர்பாக்ஸோட கோக்குற பிளாஸ்டிக் வளையம், இருக்கும். அது உடைஞ்சிருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தியா?”

வைதேகி குரலைத் தாழ்த்தினாள். “நீங்கதானே பாய்... ஹேண்ட் பிரேக் போடாதே, ஒட்டிக்கும், பி போதும்னு சொன்னீங்க.”

போனில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். பிறகு, “நான் கிளம்பி வரேன்,” என்று மட்டும் கேட்டது.

பாயைக் குற்றம் சொல்ல முடியுமா? இந்த ஊரில் அதைச் சொல்லாதவர் யார்? வண்டி கழுவினாலும் சரி, மழை பெய்தாலும் சரி, “ஹேண்ட் பிரேக் போடாதீங்க, ஒட்டிக்கும். கியர்ல விட்டு ஒரு கல்லை வைங்க” என்பது நம்மிடம் கிட்டத்தட்ட வேதவாக்கு. ஹேண்ட் பிரேக் என்று ஒன்றை வைத்து வண்டி செய்தவர்கள் அப்பாவிகள்!

பாய் காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றிருந்தபோது, அடுத்த தெரு மெக்கானிக் செல்வம் வந்தார். “சார், கிளட்ச் இல்லாத வண்டின்னா எனக்குக் கொஞ்சம் பயம்,” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடியில் படுத்தார். நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்திருக்கிறதா என்று நான் மூன்றாவது முறையாகச் சரிபார்த்தேன்.

“பாப்பா, ஒரு கேபிள் அநாதையாத் தொங்குதும்மா.”

“நுனியில புஷ் இருக்காண்ணே?”

“பழைய மைசூர்பாகு மாதிரி இருக்கு. தொட்டா உதிருது.”

ஆக, இதுதான் சங்கதி. அவள் வண்டி ஓடுகிற ‘டி’யிலிருந்து ‘பி’க்குத் தள்ளியபோது, பாதி வழியில், நியூட்ரலில், கேபிள் கழன்றுவிட்டது. லீவர் மட்டும் தனியாகப் பயணத்தைத் தொடர்ந்து ‘பி’யில் போய் உட்கார்ந்துகொண்டது. பின்சக்கரம் ஏதோ ஒரு செங்கல் துண்டில் தடுக்கி நின்றிருக்கிறது. கயிற்றை இழுத்த அசைவில் அதுவும் நழுவிவிட்டது.

“சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்தி, கம்பியால ஒரு கட்டு கட்டிடட்டா? இப்பவே கிளம்பிடலாம்,” என்றார் செல்வம்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. நான் வைதேகியைப் பார்த்தேன். அவள் ஜெயா மாமியின் அழிந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்ணே,” என்றாள். “கட்டுன கட்டு எங்க அவிழும்னு தெரியாது.”

காதர் பாய் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க வியர்வை. வண்டியைப் பார்க்கவில்லை. நேராக வைதேகியின் முழங்கையைப் பார்த்தார்.

“வலிக்குதாம்மா?”

“இல்ல பாய்.”

“துபாய்ல தரை தட்டையா இருக்கும்மா. ஏத்தமே கிடையாது. நான் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டதே இல்ல. அந்தப் பழக்கத்துல உனக்கும் சொல்லிட்டேன். நீ கரைமேல குடியிருக்கேன்னு எனக்குத் தோணவே இல்ல.” அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பொட்டலத்தை எடுத்தார். முன்பு இதே புஷ் ஒரு முறை தேய்ந்தபோது, கிடைப்பது கஷ்டம் என்று இரண்டாக வாங்கி வைத்தாராம். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. இதுவா? என் குழந்தைக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது இவ்வளவுதானா?

செல்வம் மாட்டினார். மேலே லீவர் பி-யில், கீழே கியர்பாக்ஸும் பி-யில் — இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் கேபிளை முடுக்கச் சொன்னார் பாய். வைதேகி கால் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொன்றாக மாற்றினாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று மீட்டரைப் படித்தேன். பி... ஆர்... என்... டி. எல்.கே.ஜி.யில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிடச் சத்தமாக.

பிறகு வண்டியை மணலிலிருந்து எடுத்து, அதே ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இல்லாமல் பி-யில் மட்டும் போட்டு, அணைத்துவிட்டு இறங்கச் சொன்னார் பாய். “இப்ப எல்லாரும் முன்னாடி நின்னு பின்பக்கமாத் தள்ளுங்க.”

நின்றுபோன வண்டியைத் தள்ள நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? கையில் காபி டம்ளரோடு வந்தவர்கூட ஒரு கை கொடுத்தார். வண்டி ஒரு விரற்கடை அசைந்தது. அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தெருவின் மொத்த பலத்துக்கும் அது மசியவில்லை.

“இனிமே முதல்ல கால் பிரேக், அடுத்து ஹேண்ட் பிரேக், அதுக்கப்புறம்தான் பி,” என்றார் பாய்.

“ஒட்டிக்கிட்டா?” என்று கேட்டார் பால்காரர்.

“ஒட்டட்டும் தம்பி. ஒட்டினா பிரிச்சிக்கலாம்.”

நானும் கூட வருகிறேன் என்றேன். பக்கத்து சீட்டில் கட்டிலுக்கான காற்று மெத்தை சுருட்டி வைத்திருந்தது. எனக்கு இடமில்லை. “போயிட்டு வரேம்ப்பா,” என்றாள். வண்டி கரைப்பக்கம் திரும்பி மறைந்தது.

அதன் பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாளிலிருந்து நானும் ஒரு லீவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்: நிறுத்து, பத்திரம், போகாதே. என் கைக்கு எல்லாம் பி-யில்தான் இருக்கிறது. அவளோ எப்போதோ டி-க்குப் போய்விட்டாள். கேபிள் எங்கே கழன்றது? தெரியவில்லை. இதற்கு மாற்று புஷ் பாயிடமும் கிடையாது.

சென்னையில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கும் என் மனைவிக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. பத்திரிகையில் இந்தப் பத்தியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.

பிற்பகல் முழுக்க வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் கட்டில் போய்விட்டது என்று ஒரு மெசேஜ் வந்தது. நடையை நிறுத்தினேனா? இல்லை.

விளக்கேற்றும் நேரத்துக்குத் தெருமுனையில் அந்த இன்ஜின் சத்தம். வண்டி வந்து, ஏற்றத்தில் நின்றது. ‘கர்ர்ரக்’ என்று ஹேண்ட் பிரேக் இழுபட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் லீவர் நகர்ந்தது. வைதேகி மெதுவாக இறங்கி, கேட்டருகே நின்றிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“குழவியைக் கீழ வைங்கப்பா... கை வலிக்கப் போவுது.”